மேலிருந்து பார்த்த ஊர்

போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அடையாறில் முழுக்கக் கண்ணாடிச் சுவராக இருக்கும் ஒரு மருத்துவமனை. காலையில் போனேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கு முந்தைய ஒரு வாரம் நான் வீட்டில் செய்த அலட்டலுக்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கும்படி டாக்டர் இன்னும் சற்று நேரம் எடுத்துக்கொண்டிருக்கலாம். காரில் திரும்பும்போது என் மகள், "இதுக்காப்பா உயில் எழுதணும்னு சொல்லிண்டிருந்தே?" என்று சிரித்தாள்.

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் மறுநாள் காலை கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்தேன். பசையும் பஞ்சும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை வந்தது. வைத்தியத்தில் என்னென்னவோ மாறிவிட்டது, இந்த வாசனையை மட்டும் யாரும் மாற்றவில்லை. பிளாஸ்டர் விரலில் ஒட்டிக்கொண்டிருக்க அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பயந்துபோய் "வலிக்கிறதா?" என்றாள். வலி இல்லை. தாத்தாவின் ஞாபகம், அவ்வளவுதான். என் அப்பாவின் அப்பா. அவர் பக்கத்தில் இன்னொரு கட்டிலில், இரண்டு கண்களையும் கட்டிக்கொண்டு படுத்திருந்த சூசையின் ஞாபகமும்.

எண்பதுகளின் கடைசி அது. நான் தி. நகரில் பிரஷர் குக்கர் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும் என்று லீவு கேட்டேன். முதலாளி மறுபேச்சு பேசாமல் கொடுத்தார். நல்ல மனிதர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நான் கடையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வியாபாரம் ஒரே மாதிரிதான் நடக்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார் என்று பிற்பாடுதான் புரிந்தது.

புரை எடுப்பது அந்த நாளில் லேசான காரியமில்லை. இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது, முறுக்கு கடிக்கக் கூடாது. "அழவும் கூடாது" என்று வார்டு சிஸ்டர் சேர்த்துச் சொன்னபோது தாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் எதுக்கும்மா அழப்போறேன்?"

தாத்தா யுத்தத்தில் குண்டு விமானம் ஓட்டியவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, 'பைலட் மாமா ஆம் எது' என்றால் குழந்தைகூட வழி காட்டும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடிய நாளில், காலேஜை விட்டுவிட்டு விமானப் படையில் சேர்ந்திருக்கிறார். அவருடைய அப்பா ஆசாரம் பார்க்கிறவர். பிள்ளை கடல் தாண்டப்போகிறானே என்று ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தாராம். "கடலைத் தாண்டப்படாதுன்னுதானே சாஸ்திரம்? கடலுக்கு மேல பறக்கப்படாதுன்னு எங்கேயும் போடலையே" என்று கேட்டுவிட்டு ரயிலேறியவர்தான் தாத்தா. பிறகு பர்மா எல்லையில் இரண்டு வருஷம். யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்து, டயர் கம்பெனி ஒன்றில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றார்.

அவர் சொல்கிற கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாணப் பந்தியில், லஸ் பக்கத்துப் பூங்காவில், தீபாவளிக்கு வந்த சம்பந்திகளிடம், எங்கே ஆள் அகப்பட்டாலும் சொல்வார். வலது உள்ளங்கைதான் விமானம். காபி டபரா எதிரியின் முகாம். கை மெதுவாக உயரே போகும். உச்சியில் ஒரு புரட்டு, பிறகு விரல்நுனி செங்குத்தாகக் கீழே பார்த்துப் பாயும். அவர் ஓட்டியது அந்த ஜாதி விமானம். நேராகத் தலைகீழாக விழுந்து, தரை முகத்தில் மோதுகிற மாதிரி வரும்போது குண்டை விட்டுவிட்டு மேலே தூக்க வேண்டும். அப்படித் தூக்கும்போது உடம்பிலிருக்கிற ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிக் கொஞ்ச நேரம் கண் இருண்டுவிடுமாம். "ஒண்ணுமே தெரியாது. சாம்பல் கலர்ல ஒரு திரை. அது விலகும்போது நான் மேகத்துக்குள்ள இருப்பேன். குண்டு எங்கே விழுந்ததுன்னு பின்னாடி துப்பாக்கி வெச்சுண்டு உக்காந்திருக்கிற பஞ்சாபிதான் பார்த்துச் சொல்லணும். 'நல்ல அடி சார்'னு கத்துவான்." இந்த இடத்தில் டபராவை ஒரு தட்டுத் தட்டுவார். சில நாள் காபி சிந்தும்.

விமானம் ஓட்டிய அந்தக் கண்களைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் புரை விழுந்ததை ரொம்ப நாள் ஒப்புக்கொள்ளவில்லை. பஸ் நம்பர் தெரியாமல் திருவான்மியூருக்குப் பதில் வேறெங்கோ போய் இறங்கினார். பால்காரனைப் பார்த்து "வாங்கோ மாப்பிள்ளை" என்றார். அதற்கு மேல்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

அது ராயப்பேட்டைப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. உயரமான கூரை, நீளமான ஆண்கள் வார்டு, இரண்டு வரிசையில் இரும்புக் கட்டில்கள். தாத்தாவுக்கு ஜன்னலோரம். பக்கத்துக் கட்டிலில் சூசை. பட்டினப்பாக்கம் குப்பத்துக்காரர், அறுபது வயதிருக்கும். அகன்ற மார்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. இரண்டு பேருக்கும் ஒரே காலையில் ஆபரேஷன் ஆகி, ஒரே நேரத்தில் கட்டோடு கொண்டுவந்து போட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

சூசையைப் பார்த்துக்கொள்ள அவருடைய மகள் ஆரோக்கியம் வருவாள். காலையில் மீன் விற்று முடித்துவிட்டுக் கூடையோடு நேராக வந்துவிடுவாள். அவள் வருவது வார்டு முழுவதற்கும் மூக்கில் தெரியும். தாத்தா முதல் நாள் முனகினார். "ஏம்மா, அந்தக் கூடையைக் கொஞ்சம் வெளில வெக்கப்படாதோ?"

"இன்னா சாமி, கண்ணத்தான் கட்டிகீறாங்க, மூக்கு நல்லாத்தான் வேல செய்து போல கீது" என்றாள் அவள். சூசை சிரிக்க, சிஸ்டர் ஓடிவந்து சிரித்ததற்காக அவரையும், சிரிக்க வைத்ததற்காக மகளையும் திட்டினாள். அதற்குப் பிறகு தாத்தாவுக்கும் சூசைக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டது. ரவைக் கஞ்சியில் உப்பு இல்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் புகார் சொன்னார்கள்.

மறுநாள் சாயங்காலம் தாத்தாவுக்குப் பொழுது போகவில்லை. ஒரு வார்டு நிறையக் கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் ஆண்கள். எழுந்து போக முடியாத சபை அவருக்கு வாழ்நாளில் அதற்கு முன் கிடைத்ததில்லை. ஆரம்பித்துவிட்டார். போர்வைக்கு மேல் வலது கை உயர்ந்தது. யாரும் பார்க்க முடியாது, அவருக்கே தெரியாது, ஆனாலும் கை உயர்ந்தது.

அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஆற்றுத்துறைக் கதை. பர்மாவுக்குள் ஒரு படகுத்துறை. ஜப்பான்காரன் அந்த வழியாகத்தான் அரிசியும் தளவாடமும் ஏற்றுகிறான், அதை அழிக்க வேண்டும் என்று உத்தரவு. "ஆறு அரிவாள் மாதிரி வளையும். வளையற எடத்துல பெரிய தகரக் கொட்டகை மூணு. வெயில்ல அது மின்னும் பாருங்கோ, கண்ணைக் கூசும். ஒரு மேட்டு மேல வெள்ளைக் கோபுரம், அவா கோவில். ஆத்துல ஒரு கப்பல் பாதி முழுகிக் கெடக்கும். அந்தப் புகைக்கூண்டை அடையாளம் வெச்சுண்டுதான் நாங்க ஒவ்வொருத்தரா எறங்கினோம்."

வார்டு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சூசை மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொகக் கொயா செவப்பா இருந்துச்சா சாமி? மேல ஒரு கறுப்புப் பட்ட போட்டு?"

தாத்தாவுக்கு ஒரே உற்சாகம். "ஆமாம்ப்பா! செவப்புதான். உனக்கு எப்படித் தெரியும்?"

"நீஞ்சிப் போய் அதும் மேல ஏறிக் குதிப்போம்."

தாத்தாவின் கை போர்வைக்கு மேல் அப்படியே நின்றது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். ஏதோ நடக்கிறது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

"ஊர்ல யாரும் இல்லைன்னு சொன்னா" என்றார் தாத்தா. குரல் மாறியிருந்தது. "போறதுக்கு முன்னாடி ஆபீசர்கள் எங்களுக்கு அப்படித்தான் சொன்னா. ஜனங்க எல்லாம் காலி பண்ணிண்டு போயாச்சு, ஜப்பான்காரன் மட்டும்தான்னு."

"நாங்க இருந்தோமே, சாமி" என்றார் சூசை.

அவ்வளவுதான்.  கொஞ்ச நேரம் கழித்து ஆரோக்கியம் வந்தாள். அப்பா ஏதோ முணுமுணுத்ததைக் குனிந்து கேட்டாள். நிமிர்ந்ததும் சிஸ்டரிடம் போய்க் கட்டிலை மாற்றிப் போடச் சொன்னாள். வார்டில் வேறு கட்டில் காலி இல்லை. திரும்பி வந்து தாத்தாவின் கால்மாட்டில் நின்றாள். மெல்லிய உடம்பு, இடுப்பில் செருகிய புடவை. அவள் நிற்பது தாத்தாவுக்குக் கூடை வாசனையில் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்கப்பாவப் பெத்த ஆயாவ நீதான் கொன்னியா?"

நான் எழுந்து நடுவில் போனேன். படித்த பையன் இல்லையா, நியாயம் பேசினேன். நிறைய விமானம் போயிருக்கும், பல நாள் குண்டு போட்டிருப்பார்கள், எந்தக் குண்டு யார் போட்டது என்று யாரால் சொல்ல முடியும் என்று இழுத்தேன். 

"நீ சும்மா இருடா" என்றார் தாத்தா. பிறகு குரல் வந்த திசைக்குச் சொன்னார். "தெரியலைம்மா. நான் போட்டதாவும் இருக்கலாம். விழுந்ததை நான் பார்த்ததில்லை."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தின் கட்டையே பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாள் காலை கட்டை மாற்ற வந்த சிஸ்டர், தாத்தாவின் பஞ்சு நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக் கத்தினாள். அழக் கூடாது என்று சொன்னேனா இல்லையா, தையல் பிரிந்தால் யார் பொறுப்பு என்று.  தாத்தா கஞ்சி வேண்டாம் என்றார். பக்கத்துக் கட்டிலிலும் கஞ்சி அப்படியே ஆறியது. இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு ஆள் திரும்பி நிற்கக்கூட இடமில்லாத அந்த இடைவெளியில், நான் அன்று முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை நீளமான பகல் ஒன்றை குக்கர் கடையில்கூட நான் கண்டதில்லை.

வெயில் சாயும் நேரத்தில் சூசைதான் பேசினார்.

"மேலேந்து பாக்க சொல்ல எங்க ஊரு எப்டி இருந்துச்சு?"

 கேள்வி தாத்தாவின் காதில் சரியாக விழுந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சூசை திரும்பவும் சொன்னார். "அப்பால நாங்க அந்தாண்ட போவவே இல்ல. எங்கப்பா என்ன இட்டுகினு ரங்கூனுக்குப் போய்ட்டாரு. பொறவு கப்பல்ல இங்க வந்தோம். அந்த ஊரப் பாத்த ஒரு ஆள இத்தினி வருசத்துல நான் பாத்ததில்ல சாமி. நீ சொல்லு."

தாத்தா சொன்னார். இந்த முறை கை உயரவில்லை. விமானம் இல்லை, டபரா இல்லை. ஆறு எந்தப் பக்கம் வளைந்தது, தண்ணீர் என்ன நிறம், கரையில் வரிசையாகக் கட்டியிருந்த படகுகள் மேலிருந்து எப்படிச் சின்ன விதைகள் மாதிரி தெரிந்தன என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பச்சைத் திட்டு இருந்தது என்றார்.

"பலா மரம்" என்றார் சூசை. "அது கீழதான் எங்கம்மா புட்டுக் கட வெச்சிருந்துச்சு."

பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். நடக்கத் தெம்பிருந்த தமிழ் ஜனங்கள் யுத்தம் வந்ததுமே காட்டு வழியாக இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டார்களாம். சூசையின் அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். நடக்க முடியாது என்று அவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். பிறந்த பெண் குழந்தைக்கு லூர்து என்று பெயர். அந்த நாள் சூசையும் அப்பாவும் நெல் ஏற்ற அக்கரைக்குப் போயிருந்தார்கள். "ஒண்ணு பின்னால ஒண்ணா எறங்குச்சு. கொக்கு மீன் கொத்த வர்ற மாதிரி. சத்தம் காதப் பொளந்துச்சு. எங்கப்பா என்னத் தண்ணியில அமுக்கிப் புடிச்சிகினாரு. தலையத் தூக்கிப் பாக்க சொல்ல கொட்டாயி இல்ல, மரம் இல்ல. லூர்து அப்பதான் நடக்கக் கத்துகினு இருந்துச்சு."

 

"என்னை மன்னிக்க முடியுமாப்பா?" என்று தாத்தா கேட்டார்.

"அத்த நான் எப்டி சாமி குடுக்கறது? எங்கம்மா குடுக்கணும்." சூசை இதைக் கோபமாகச் சொல்லவில்லை. இல்லாத ஒரு பொருளைக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

கட்டுப் பிரித்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. சூசைக்கு முதலில் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி எண்ணச் சொன்னார், எண்ணினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் சூசை தலையைத் திருப்பித் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவின் கட்டும் அவிழ்ந்தது. நீர் வழிகிற கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அவர் முதலில் தேடியது பக்கத்துக் கட்டிலைத்தான். 

"இன்னா சாமி, இவ்ளோ கெழவனா நீ" என்றார் சூசை. "நான் ஒரு சின்னப் பையனத்தான் நெனச்சிகினு இருந்தேன்."

அன்று மாலை ஆரோக்கியம் அப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தாத்தா தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் யாரோ, "பைலட் மாமா, அந்த டைவ் அடிக்கிற கதையைச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். தாத்தா மோர் ஊற்றச் சொல்லி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பிறகு யாரும் கேட்பதில்லை. வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலை ஆரோக்கியம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். 'பைலட் சாமி ஊடு' என்று கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். கூடை இல்லை, நல்ல புடவை கட்டியிருந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. "இன்னிக்குக் கல்லறைத் திருநாளு. அப்பா உங்கள இட்டாரச் சொல்லுச்சு" என்றாள். கூப்பிட வந்ததில் அவளுக்குச் சம்மதமா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

தாத்தா வேஷ்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். அடையாற்றங்கரையோரம் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு அதுதான் நாங்கள் முதல் முறை போவது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைக் கழுவி, சாமந்திப் பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருந்தது. சூசையின் அம்மாவுக்கும் தங்கைக்கும் இந்த மண்ணில் கல்லறை கிடையாது. அப்படி எங்கெங்கோ செத்தவர்களுக்காக நடுவிலிருக்கிற பெரிய சிலுவையின் அடியில் எல்லோரும் திரி ஏற்றுவார்கள். சூசை அங்கே நின்றிருந்தார். சுற்றிலும் குப்பத்து ஜனங்கள், அவருடைய சொந்தக்காரர்கள். பூணூலும் விபூதியுமாக வந்து நின்ற தாத்தாவை அவர்கள் வியப்பாகப் பார்த்தார்கள். ஒரு வயதானவர், "யாரு சூச இவரு?" என்று கேட்டார்.

 ஆரோக்கியம் அப்பாவைப் பார்த்தாள். 

"எங்க ஊரப் பாத்தவரு" என்றார் சூசை.

ஒரு மெழுகுவர்த்தியைத் தாத்தாவின் கையில் கொடுத்தார். தாத்தா ஏற்ற ஏற்றக் காற்றுக்கு அது அணைந்து அணைந்து போயிற்று. கடைசியில் ஆரோக்கியம் உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு நின்றாள், அது பற்றி எரியும்வரை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தாத்தா போனார். ஆசார வீட்டுப் பெரியவர் கல்லறையில் போய் நிற்கிறாரே என்று சந்தில் பேச்சு வந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. அவரும் சூசையும் சிநேகிதர்கள் ஆனார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து போய்க் காபி குடிக்கிற உறவு அது இல்லை. அந்த ஒரு நாள் சிலுவைக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் அந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். கோபுரத்துக்கு எத்தனை படி, ஆற்றில் வெள்ளம் வந்தால் எதுவரை வரும் என்று. பேசி முடித்ததும் அவரவர் வழி.

தாத்தா போய்ச் சேர்ந்தபோது சூசை வந்தார். எங்கள் சந்து முனையில், வீட்டுக்கு வராமல், பாடை போகும்வரை துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சில வருஷத்தில் அவரும் போனார். அந்த தர்ம ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. குளத்துக்குப் பின்னால் எங்கள் வீடு அடுக்குமாடியாகி, அதில் யார் யாரோ இருக்கிறார்கள். பட்டினப்பாக்கத்தில் ஆரோக்கியத்தின் வீடு இருந்த வரிசையை ஒரு நாள் இடித்துத் தள்ளினார்கள்.

போன நவம்பரில், இந்தக் கண் ஆபரேஷனுக்கு முன்பே, கல்லறைத் திருநாளன்று நான் அங்கே போனேன். பல வருஷமாகப் போகாதவன், ஏன் தோன்றியதென்று தெரியவில்லை. பெரிய சிலுவையைச் சுற்றி நிறைய பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியவில்லை. வாசலில் பூ விற்ற அம்மாவிடம் ஆரோக்கியத்தைப் பற்றி விசாரித்தேன். 

"அந்த ஜனங்கள எல்லாம் ஊருக்கு அந்தாண்ட கொண்டும்போய் வுட்டுட்டாங்க சார். வர்றதுக்கே பாதி நாளு பூடும். மொதல்ல ரெண்டு வருசம் ஆரோக்கியம் வந்துச்சு. இப்ப வர்றதில்ல. உடம்பு எப்டி கீதோ."

மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பக்கத்தில் நின்றவர்கள் ஏற்றும்போது செத்தவர்களின் பெயரை வாய்விட்டுச் சொன்னார்கள். நானும் லூர்து என்று சொல்லி ஏற்றினேன். சூசையின் அம்மாவுக்கும் ஒன்று ஏற்ற வேண்டும். திரியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது, சூசை எப்போதும் 'எங்கம்மா' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். பெயரை அவர் எங்களிடம் சொன்னதில்லை, தாத்தாவும் கேட்டதில்லை. சுற்றிலும் பார்த்தேன். கேட்டுச் சொல்ல அங்கே யாரும் இல்லை.